ரைட் சொன்னது நான்தான்

அன்பும் பொறுமையும் ஒருசேர வாய்த்த என் மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. நானும் உங்கள் அக்காவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். என் நெற்றியில் ஒரு புடைப்பு, இடது முழங்காலில் இரண்டு சிராய்ப்பு, இவற்றைக் கண்டுகொள்ளாவிட்டால் முழு சௌக்கியம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். அந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற உங்கள் மனைவியைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். அந்தப் புண்ணியவதி மட்டும் ஒத்துக்கொண்டிருந்தால் உங்கள் கேரவன் எங்கள் கைக்கு வந்தே இருக்காது.

நிற்க. (முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் நின்றே பிழைத்த கண்டக்டருக்கு, கடிதத்தில் இந்த வார்த்தையை எழுத மட்டும் யோசிக்கவே வேண்டியதில்லை.) சாவியைக் கொடுக்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒரு மாசம் ரெண்டு பேரும் இதுலயே இருந்து பாருங்க அத்தான். பிடிச்சா நீங்களே வச்சுக்கங்க, பிடிக்கலேன்னா விலைக்கு வாங்கிக்க ஒரு பல் டாக்டர் காத்துக்கிட்டிருக்கார். நல்லது கெட்டது எல்லாத்தையும் ஒளிக்காம எழுதிப் போடுங்க. போன்ல மட்டும் சொல்லாதீங்க, எனக்கு வேற வேலை இருக்கு" என்றீர்கள். கடைசி வாக்கியத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனவே எழுத்து மூலமாகவே தெரிவிக்கிறேன்: வண்டியைத் திருப்பித் தருகிறோம். சனிக்கிழமை காலை உங்கள் வாசலில் கொண்டுவந்து விடுகிறோம். காரணம் வண்டி இல்லை, உங்கள் அக்கா. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்ட நல்லது கெட்டது.

நீளம் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எந்தச் சந்தில் விட்டாலும் நுழைகிறது, சாதாரணக் கார் நிற்கும் இடத்தில் வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதற்குள் இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, மேஜை, கட்டில் அத்தனையும் வைத்தவனை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நடப்பதற்கு அவன் விட்டிருக்கும் வழி ஓர் ஆளுக்குத்தான். முப்பத்தொரு வருடம், மூச்சு விட இடமில்லாத பஸ்ஸில் நின்றுகொண்டு, "உள்ள தள்ளிப் போங்க, நடுவுல நிறைய இடம் இருக்கு" என்று வாய் கூசாமல் பொய் சொன்னவன் நான். இந்த வண்டியில் நடுவும் இல்லை, உள்ளேயும் இல்லை. உங்கள் அக்கா அடுப்பிலிருந்து திரும்பினால் நான் குளியலறைக்குள் ஒதுங்க வேண்டும், நான் சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் அவள் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டாம் நாளே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டும். அதை மீறி ஒரே சமயத்தில் இரண்டு பேரும் எழுந்த காலை, பால் பாத்திரம் என் மேல் கவிழ்ந்தது. நல்லவேளை, பால் சுடவில்லை.

ஓட்டுவது உங்கள் அக்காதான் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவனுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லத்தான் தெரியும். அவளோ இருபத்திரண்டு வருடம் பேக்கரி வேன் ஓட்டியவள். எவ்வளவு குலுங்கினாலும் ஒரு பன் கூட நசுங்காமல் கடைக்குக் கடை கொண்டுபோய் இறக்கியவள். தட்டுகளுக்கு நடுவே துண்டைச் செருகி, டம்ளருக்குள் டம்ளரைச் சொருகி, அரை மணி நேரத்தில் வண்டி முழுவதையும் அடுக்கிவிட்டாள். முதல் வளைவில் அலமாரியிலிருந்து ஒரு ஸ்பூன் கூட விழவில்லை. விழுந்தது நான் மட்டும்தான். வண்டி ஓடும்போது உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை, என்னையறியாமல் எழுந்து நின்றிருக்கிறேன். நெற்றிப் புடைப்பின் வரலாறு அதுதான். முன்னால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு எனக்குச் சரிப்படவில்லை. எதிரே வருகிற லாரி எல்லாம் என் மடியிலேயே ஏறுகிற மாதிரி இருந்தது. அதனால் பின்னால் மேஜைக்குப் பக்கத்துச் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வெயிலுக்காக முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே நீங்கள் மாட்டியிருந்த திரையை இழுத்துவிட்டால் ஏசி நன்றாக நிற்கிறது. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் உங்கள் அக்கா பேசிக்கொண்டே ஓட்டுவாள். வேனில் தனியாகவே போய்ப் போய் வந்த பழக்கம் அது. இந்தப் பக்கத்திலிருந்து நான் "உம்" சொல்வேன். நாள் முழுக்கப் பயணிகளிடம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே வார்த்தை அதுதான்.

கட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேஜையை இறக்கி, ஏழு மெத்தைத் துண்டுகளை வரிசையாக வைத்தால் கட்டில் ஆகும் என்று காட்டினீர்கள். நீங்கள் வைத்தபோது ஏழும் பொருந்தின. நாங்கள் வைத்தால் ஆறிலேயே கட்டில் நிறைந்துவிடுகிறது, ஏழாவது கையில் நிற்கிறது. இருபத்தெட்டு நாளும் இதே கதை. ஏழாவது மெத்தை எங்களோடு ஒரு விருந்தாளியைப் போல, ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டது. குளியலறையில் முகம் கழுவும் தொட்டியை மடக்கினால்தான் குளிக்க முடியும் என்பதை நான் குளித்து முடித்த பிறகு கண்டுபிடித்தேன். கழிப்பறைப் பெட்டி நிறைந்தால் எரியும் சின்னச் சிவப்பு விளக்கை, ஏதோ அலங்காரத்துக்கு வைத்தது என்று இரண்டு நாள் ரசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நடந்ததை உங்கள் பெருந்தன்மையை உத்தேசித்து எழுதாமல் விடுகிறேன். வண்டி இப்போது சுத்தமாக இருக்கிறது.

இவ்வளவு குறை சொல்கிறேனே, மனுஷனுக்கு நன்றியே இல்லையா என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். கல்யாணமான முப்பத்து நாலு வருடத்தில் பெரும்பகுதி நாங்கள் ஷிப்ட் முறையில்தான் குடும்பம் நடத்தினோம். விடிவதற்கு முன்பே ரொட்டி ஏற்ற அவள் கிளம்பிவிடுவாள். கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நான் வரும்போது தூங்கியிருப்பாள். பாதிக் குடித்தனம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான் நடந்தது. "கேஸ் தீரப் போகுது", "பையனுக்குக் காய்ச்சல், மருந்து குடுத்தாச்சு", "உங்க கண்ணாடி சட்டைப் பையோட துவைச்சுட்டேன்". இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகும் பெரிய வீட்டில் அவளுக்கு ஒரு மூலை, எனக்கு ஒரு மூலை. உங்கள் வண்டியில் மூலையே இல்லை, மாப்பிள்ளை. யாரும் யாரிடமிருந்தும் தப்பிக்க முடியாது. அவள் காலையில் வேலை செய்யும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள் என்பது எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. இதற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது விசில் ஊதித்தான் எனக்குச் சொல்ல வரும். கேரவன்கள் தங்கும் ஏரிக்கரை முகாமில் அப்படி ஊதியதற்கு, அங்கே காவலாளியாக இருந்த பெரிய மீசைக்காரர் வந்து, "ஐயா, இங்க எல்லாரும் நிம்மதியா இருக்கத்தான் வர்றாங்க" என்று சொல்லி விசிலை வாங்கி வைத்துக்கொண்டார். அன்று முதல் வண்டியின் உடம்பில் கையால் தட்ட ஆரம்பித்தேன். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் ரைட், போகலாம். உங்கள் அக்காவும் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் காலை அதே முகாமிலிருந்து கிளம்ப வேண்டும். கரண்ட் வயரைச் சுருட்டியாயிற்றா, கேஸை மூடியாயிற்றா, படியை மடக்கியாயிற்றா என்று வெளியே சுற்றி வந்து பார்த்தேன். தண்ணீர் பிடிக்கும் ரப்பர் குழாய் மட்டும் குழாயடியில் கிடந்தது. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். எல்லாம் கச்சிதம். திருப்தியில் என் கை தானாகப் போய் வண்டியை இரண்டு தட்டுத் தட்டியது. வாய் தானாக "ரைட்!" என்றது. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

பஸ்ஸாக இருந்தால் தட்டிக்கொண்டே படியில் தாவி ஏறியிருப்பேன். இந்த வண்டியின் படியைத்தான் நானே மடக்கிவிட்டேனே! திரைக்கு முன்னால் இருந்தவளோ நான் ஏறிவிட்டதாகவே நினைத்திருக்கிறாள். கையைக் காட்டிக்கொண்டு ஓடினேன், விழுந்தேன் (முழங்கால்). வண்டி சிக்னல் போட்டு, ஒழுங்காக வளைந்து, மறைந்தது. காவலாளி வந்து பக்கத்தில் நின்றார்.

"போறது உங்க வண்டியா?"

"ஆமா."

"ஓட்டுறது?"

"என் வீட்டம்மா."

"அப்ப நீங்க?"

"நான்தான் ரைட் சொன்னேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குளியலறைச் செருப்பு, தோளில் குழாய், பையில் போன் கிடையாது. போன் வண்டிக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பாவம், நாற்காலி போட்டு டீ கொடுத்தார். விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேர் கை காட்டிக்கொண்டு ஓடி வந்தபோது இரண்டு தட்டுத் தட்டியிருப்பேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அதைவிட, அவள் இல்லாத இடம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. காவலாளி சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

திரும்பி வந்த உங்கள் அக்கா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண் சிவந்திருந்தது. "ஏதாவது குடிச்சீங்களா?" என்றாள்.

"எப்ப கவனிச்சே?" என்று கேட்டேன்.

"பேசிக்கிட்டே போனேன். ஒண்ணு கேட்டேன். பதில் வரலை. அது ஒண்ணும் புதுசு இல்ல. மறுபடி கேட்டேன். 'உம்' கூட வரலை. அதுதான் புதுசு. வண்டிய ஓரங்கட்டித் திரைய விலக்கிப் பாத்தேன்."

"என்ன கேட்டே?"

"கேட்டது கேட்டாச்சு. ரெண்டு தரம் கேட்டாச்சு. மூணாவது தரம் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்பது நாளாகக் கெஞ்சிப் பார்க்கிறேன், வாயைத் திறக்கவில்லை. ஓட்டும்போது பேசுவதையும் நிறுத்திவிட்டாள். மூன்று நாளாகக் கையில் டேப்பை வைத்துக்கொண்டு வண்டிக்குள் எதையாவது அளந்து அளந்து எழுதிக்கொள்கிறாள். சாமான்களைக் கட்ட அட்டைப் பெட்டிக்கு அளவெடுக்கிறாள் என்பது எனக்குப் புரிகிறது. அன்று அவள் கேட்டது "எப்ப நம்ம வீட்டுக்குப் போறது?" என்றுதான் இருக்க வேண்டும். வேறென்ன கேட்டிருக்கப் போகிறாள்? பால் கவிழ்த்து, சிவப்பு விளக்கை ரசித்து, கடைசியில் அவளைத் தனியாக அனுப்பியும் வைத்தவனோடு எத்தனை நாள்தான் சகித்துக்கொண்டு இருப்பாள்? எனக்கு இந்த வண்டியை விட மனசே இல்லை, மாப்பிள்ளை. ஆனாலும் அவளுக்குப் பிடிக்காததை நான் கேட்டு வாங்க மாட்டேன். ஆகவே பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல வண்டி, இரண்டு பேருக்குப் போதும். அந்த இரண்டு பேரில் ஒருவர் கண்டக்டராக இல்லாதவரை ஒரு குறையும் இல்லை.

உங்கள் இடுப்பு சீக்கிரம் குணமாகவும், உங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்புக் குறையாமல் இருக்கவும் வாழ்த்துகிறேன். எங்களுக்கு இந்த ஒரு மாதத்தைக் கொடுத்த உங்கள் கைக்கு எந்தக் குறையும் வராது.

என்றும் நன்றி மறவாத
உங்கள் அத்தான்

பி.கு.: கடிதத்தை மடித்து உறைக்குள் வைக்கப் போகும்போது உங்கள் அக்கா வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்கச் சிரித்தாள், கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "அட்டைப் பெட்டிக்கா அளந்தேன்? நடுவுல தொங்கின திரைக்கு அளந்தேன். அதை வெட்டி ஜன்னலுக்குத் தச்சுப் போட்டாச்சு, தலையத் தூக்கிப் பாத்தாத்தானே தெரியும்?" என்றாள். பார்த்தேன். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. உங்கள் திரை ஆறு துண்டாகி ஆறு ஜன்னலிலும் தொங்குகிறது. அதற்குப் பிறகுதான் மூன்றாவது தரம் கேட்டாள். "தம்பிகிட்ட சொல்லி இந்த வண்டிய நாமளே வச்சுக்கலாமா?" என்பதுதான் அவள் அன்றைக்குக் கேட்ட கேள்வியாம். எனவே மேலே எழுதியதில் குறைகளை மட்டும் வெட்டியெடுத்துப் பல் டாக்டருக்குக் காட்டவும், நன்றியை நீங்கள் வைத்துக்கொள்ளவும், மற்றதெல்லாம் ரத்து. சனிக்கிழமை வண்டி வராது. இதை எழுதுவது முன் சீட்டில் உட்கார்ந்து. முதுகுக்கு ஏழாவது மெத்தை அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். கடிதத்தைப் போடத் தபால் பெட்டிவரை போக வேண்டும். அவள் சாவியைத் திருகிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெல்ட் போட்டாயிற்று, கதவும் மூடியாயிற்று. இந்தத் தடவை உள்ளே இருந்துதான் தட்டப் போகிறேன்.