சூலூர் மில்லுக்குள் புகுந்த அம்புக்குறி

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை சாய்குமார் அவர்களுக்கு,

சூலூரிலிருந்து மாமனார் கோவிந்தராஜுலு எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் ஹாரிகாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மில்தான் சௌக்கியமாக இல்லை. திருடர்கள் போன் வழியாகவும் உள்ளே வந்துவிடுவார்களோ என்று பயந்து எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டதால், இதைக் கையால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

நேற்றுக் காலை நீங்கள் கூப்பிட்டபோது நான் ஸ்பின்னிங் மெஷின்களுக்கு நடுவே நின்றிருந்தேன். "மாமா, நம்ம சர்வர்ல பெரிய ஓட்டைங்க, பாஸ்வேர்டே இல்லாம வெளியிருந்து எவன் வேணும்னாலும் பூந்து அதை ஆட்டி வைக்கலாமுங்க" என்பது வரை கேட்டது. அப்புறம் இரைச்சல்தான். சூப்பர்வைசர் லட்சுமணசாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் டார்ச்சோடு ஆபீஸில் சர்வர் பெட்டி இருக்கும் மேசைக்கடியில் தவழ்ந்து போய், "ஏனுங்க, பின்னால ஆறு ஓட்ட இருக்குதுங்க, எதுன்னு சொன்னாருங்க?" என்றார். பெட்டியில் இல்லை, உள்ளே இருக்கும் சாப்ட்வேரில் என்றேன். "அதுல எப்படிங்க ஓட்ட உழும்?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒயர் போகாத நான்கை எம்-சீல் வைத்து அடைத்தோம்.

பதினோரு மணிக்குத் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது, மாப்பிள்ளை! மவுஸை யாரும் தொடவில்லை. என் இரண்டு கையிலும் டீ டம்ளர். கறுப்பாக ஒரு சதுரம் திறந்து, அதில் எழுத்துகள் தாமாக ஓடின. முப்பது வருஷம் நான் நடத்தின மில்லை எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நடத்துகிறானே என்று லட்சுமணசாமி பக்கம் திரும்பினேன். "புடுங்குய்யா!" என்று கத்தினேன். எதை என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கையில் அகப்பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கிப்போட்டார்.

மில்லுக்குள் ஈரக் காற்று அனுப்புவதும் அந்தச் சர்வர்தான் என்று அரை மணி கழித்துத்தான் தெரிந்தது. காற்று காய்ந்து நூல் படபடவென்று அறுந்தது. அறுந்த நூலை ஒட்டும் ராமாத்தாள் ஓடி வந்து, "ஏனுங்க மொதலாளி, ஒண்ண ஒட்டறதுக்குள்ள ஒம்பது அந்துபோகுதுங்க, எனக்கிருக்கறது ரெண்டு கைதானுங்களே!" என்றார். வாசலில் நூல் ஏற்ற வந்த ஈரோட்டு லாரி ஹாரன் அடிக்கிறது. ஒயரைத் திரும்பச் சொருகவும் பயம். கடைசியில் உங்கள் அத்தை உட்பட எல்லாரும் குடத்தில் தண்ணீர் மொண்டு தரை முழுக்கத் தெளித்தோம்; லட்சுமணசாமி இரண்டு முறை வழுக்கி விழுந்தார். லாரி பாதி நூலோடு கிளம்பிற்று. போனால் போகிறது, திருடனை விரட்டிவிட்டோமே, அது போதும்!

அவன் மறுபடி வருவதற்குள் நீங்கள் நேரில் வர வேண்டும். ஹாரிகாவுக்கு எங்கள் ஆசி. ஏழுமலையான் உங்களைக் காக்கட்டும், முடிந்தால் சர்வரையும்.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாத மாமனார்,
கோவிந்தராஜுலு

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், எனக்குத் தெரியாமல் அத்தை அணைக்காமல் வைத்திருந்த போனில் ஹாரிகா கூப்பிட்டாள். "அப்பா, அது திருடன் இல்லீங்க, உங்க மாப்பிள்ளைதான்! ஓட்டையை அடைக்கத்தான் உள்ள வந்தாரு, பாதியில தொரத்திப்போட்டீங்க" என்கிறாள். மன்னிக்க வேண்டும். நேரில் வரத் தேவையில்லை. ஒயரைச் சொருகி வைக்கிறேன், கடிதம் கண்டதும் உள்ளே புகுந்துகொள்ளுங்கள். ஆனால் நகருகிற அம்புக்குறி நீங்களா திருடனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதை மட்டும் பதில் கடிதத்தில் எழுதவும்.