முழு மனதுடன் சம்மதிக்கிறேன்

அன்பிற்குரிய மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் இங்கே நலம். உன் முழங்கால் வலி குறைந்து, படியேறும்போது இப்போது முனகல் மட்டும்தான் வருகிறது என்று நம்புகிறேன். நீ வாங்கிக் கொடுத்த போனும் நீ மாட்டிவிட்டுப் போன வைஃபை பெட்டியும் நலமாக இல்லை. அவை இரண்டும் சேர்ந்து என்னைப் படுத்தும் பாட்டைப் படித்த பிறகு, முதலில் எழுதிய ‘நலம்’ என்பதை அடித்துவிடவும்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா, ஒரு போன் போட்டிருக்கலாமே என்று நீ சிரிப்பாய். சிரிக்காதே. இது உன் அக்காவுக்குத் தெரியாமல் கேட்கவேண்டிய விஷயம். போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட நாளிலிருந்து யார் பேசினாலும் ஒலிபெருக்கியில்தான் வருகிறது. நேற்று பல் டாக்டர் ‘எந்தப் பக்கம் வலிக்குது?’ என்று கேட்டதற்கு, நான் வாயைத் திறப்பதற்குள் மாடி வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து ‘இடது பக்கம் டாக்டர், மேல் வரிசை’ என்று பதில் சொன்னார். எழுதி அனுப்பலாமென்றால் வைஃபை வேலை செய்யவில்லை; செய்த நாளிலேயே உன் பெயரைத் தொட்டு எழுதியதெல்லாம் குடும்பக் குழுவுக்குத்தான் போய் விழுந்தது. ஆகவே காகிதம்தான் பத்திரம்.

நான் யார் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்து எழுந்தவன். ‘படிச்சுப் பார்த்தீங்களா?’ என்று கேட்காமல் ஒருவரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை. எழுத்து தெரியாதவர்கள் வந்தால் முழுப் பத்திரத்தையும் நானே உரக்கப் படித்துக் காட்டுவேன். வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மருந்து பாட்டில், பிஸ்கட் உறை, லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, எது கண்ணில் பட்டாலும் அலுவலகக் குரலில் வாய்விட்டுப் படித்துவிடுகிறேன். உன் அக்கா என்னோடு கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். இந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா வீடியோவில் கூப்பிட்டாள். நீ என்னவோ பெரிய இன்ஜினியர் மாதிரி வைஃபை பெட்டியைப் பின்னறை பீரோவுக்கு மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நீ படுத்திருந்த அறை என்பதால் உனக்கு அது வசதியாக இருந்தது. இப்போது அந்த அறையில் யாரும் இல்லை, அங்கேதான் சிக்னல் நான்கு கோடும் நிற்கிறது. ஹாலுக்கு வந்தால் ஒரு கோடு. சமையலறைத் தாழ்வாரத்தில், வாஷிங் மெஷினை ஒட்டி, சுவரில் சாய்ந்து நின்றால் இரண்டு கோடு. பின்னறைக்குள் போகலாமென்றால் அங்கே பழைய பேப்பர் கட்டும் உடைந்த நாற்காலிகளும் எங்களுக்கு முன்னாலேயே குடியேறிவிட்டன. ஆகவே நானும் உன் அக்காவும் மெஷினுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு பெண்ணோடு பேசினோம். அவள் ‘அப்பா, ஒரு முக்கியமான விஷயம். கோபப்படாமக் கேக்கணும்’ என்றாள். ‘நான் எப்பம்மா கோபப்பட்டிருக்கேன்?’ என்று நான் கத்தினேன். உடனே படம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி, என் பெண் அப்படியே உறைந்து நிற்கிறாள், குரல் மட்டும் துண்டு துண்டாக வருகிறது. ‘தனியா...’ என்றாள். ‘எத்தனை நாளைக்கு...’ என்றாள். ‘நம்ம வீட்டுல...’ என்றாள். அந்த நேரம் பார்த்து மெஷின் துணி பிழிய ஆரம்பித்தது. அதன்மேல் கை ஊன்றியிருந்த எனக்குத் தலை தானாகவே ஆடியது. நான் தலையாட்டுவதைப் பார்த்து உன் அக்காவும் ஆட்டினாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெண்ணின் முகத்துக்கு மேலே திடீரென்று ஒரு வெள்ளைக் கட்டம் வந்தது. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமாம். கீழே ஒரு நீலப் பொத்தான். கட்டத்தை ஒழித்தால்தான் பெண் முகம் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா, என் தலையெழுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அலுவலகக் குரலில், ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்தேன்: ‘நிபந்தனைகள் அனைத்தையும் புரிந்துகொண்டு முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.’ பொத்தானை அழுத்தினேன். கட்டம் மறைந்தது, படம் உயிர் பெற்றது. பார்த்தால் பாப்பா தேம்பித் தேம்பி அழுகிறாள்.

‘அப்பா! நிஜமாவா? முழு மனசோடவா?’

அந்த முகத்தைப் பார்த்து ‘இல்லம்மா, அது போனுக்குச் சொன்னது’ என்று எப்படிச் சொல்வது? ‘ஆமாம்மா’ என்றேன்.

‘நீங்க இவ்வளவு பெரிய மனசுக்காரர்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சேப்பா’ என்றாள். உடனே திரை கறுத்துவிட்டது. போன் புதுப்பித்துக்கொள்ளப் போய்விட்டது.

மச்சான், உனக்குத் தெரியும், என்னிடம் எதைக் கேட்க வந்தாலும் கதவோரம் நின்று என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போன பெண் அவள். அவள் வாயால் ‘பெரிய மனசுக்காரர்’ என்று கேட்டதும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை நான் இழக்கத் தயாராக இல்லை. ஆனால் எதற்குச் சம்மதித்தேன் என்பதும் தெரியவில்லை. ஊரெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று மிரட்டியவனுக்கு வந்த நிலைமையைப் பார்.

போன் திரும்பி வந்தபோது அது என் போனாகவே இல்லை. பச்சைப் பொத்தான் இருந்த இடத்தில் டார்ச் லைட் இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் முதலில் வீட்டில் வெளிச்சம் வருகிறது, பிறகுதான் குரல் வருகிறது. எழுத்தெல்லாம் கடுகளவு ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக வைஃபையின் பாஸ்வேர்டை மறந்துவிட்டது. அது உனக்கு மட்டும்தான் தெரியும். உன் பிறந்த நாள், உன் வண்டி எண், உன் சின்ன வயசுப் பட்டப்பெயர், அப்புறம் கோபத்தில் உன்னைப் பற்றி எனக்குத் தோன்றிய சில சொற்கள், எல்லாம் அடித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் திறக்கவில்லை. இணைப்புக் கம்பெனிக்குப் பேசினேன். ‘உங்க பொறுமைக்கு நன்றி’ என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. இல்லாத பொறுமைக்கு நன்றி சொன்னால் கோபம் வருமா வராதா? கடைசியில் ஒரு பையன் லைனில் வந்து ‘எல்லாத்தையும் அணைச்சுப் போடுங்க சார்’ என்றான். எல்லாவற்றையும் என்றதால் கட்டடத்தின் மெயினையே அணைத்தேன். மாடி வீட்டுக்காரர் அப்போது தலை முழுக்க ஷாம்பு போட்டிருந்தாராம். மோட்டாரோடு தண்ணீரும் நின்றுபோய் அவர் துண்டோடு கீழே வந்து சொன்னதை இங்கே எழுத முடியாது.

உன் அக்காவிடம் கேட்கலாமே என்பாய். அவளுக்குப் பாம்புச் செவி, நிச்சயம் எல்லாம் கேட்டிருப்பாள். ஆனால் எனக்குக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டால், காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் தந்திரமாகக் கேட்டேன்.

‘பாப்பா சொன்னதைப் பத்தி நீ என்ன நெனைக்கிற?’

‘நீங்க என்ன நெனைக்கிறீங்களோ அதேதான்.’

‘நான் நெனைக்கிறது இருக்கட்டும். உனக்குச் சம்மதமா?’

‘முழு மனசோடன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறீங்க?’

இப்படியே இரண்டு காபி முடிந்தது. ஒரு தகவலும் பெயரவில்லை. சரியென்று பாப்பாவுக்கே சாதாரண அழைப்பில் பேசினேன். ‘அந்த விஷயம் இருக்கே...’ என்று இழுத்தேன். ‘ஏம்ப்பா, மனசு மாறிட்டீங்களா?’ என்றாள், குரல் அப்படியே உடைந்துபோய். ‘சேச்சே! மாறவே மாட்டேன், இன்னும் உறுதியாயிட்டேன்!’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆக, என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு இரண்டாவது தடவையும் சம்மதம் கொடுத்தாகிவிட்டது.

மறுநாள் உன் அக்கா பின்னறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். பேப்பர் கட்டெல்லாம் வெளியே போனது. அவள் ஒட்டடை அடிப்பதைப் பார்த்து, யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது என்று நான் வாசல் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்தேன். நான் பெயின்ட் அடிப்பதைப் பார்த்து அவள் புதுத் திரைச்சீலை வாங்கினாள். திரைச்சீலையைப் பார்த்து நான் முடி வெட்டிக்கொண்டேன். வெட்டிய தலையைப் பார்த்து அவள் கட்டிலுக்குப் புது மெத்தை சொல்லிவிட்டாள். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் தேறுகிறது. பாப்பா யாரையோ மாப்பிள்ளையாகப் பார்த்திருக்கிறாள். ‘தனியா எத்தனை நாளைக்கு இருக்கிறது’ என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பையன் ‘நம்ம வீட்டுல’ வந்து தங்கப் போகிறான். முகம் தெரியாத ஒருவனுக்கு நான் மெத்தை வாங்கியிருக்கிறேன்.

பாப்பா இருக்கும் அதே ஊரில்தான் நீயும் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடுதான் சாப்பிடுகிறாய். என்னிடம் சொல்லாததையெல்லாம் அவள் மாமாவிடம் சொல்லுவாள். ஆகவே தயவுசெய்து, அவளுக்குச் சந்தேகம் வராமல், நான் எதற்குச் சம்மதித்தேன் என்று விசாரித்து உடனே பதில் எழுதவும். கூடவே அந்தப் பாஸ்வேர்டையும்.

எழுதினால் போதும். நேரில் வந்துவிடாதே. தப்பாக நினைக்காதே, உன்மேல் எனக்குப் பாசம் உண்டு. நீ தூரத்தில் இருக்கும்போது அது இன்னும் அதிகம். பல்லுக்கு வேர் சிகிச்சை, இரண்டே நாள் என்று போன தடவை வந்தாய். அந்தப் பல் சரியாகி, பக்கத்துப் பல் கெட்டு, அதுவும் சரியான பிறகுதான் கிளம்பினாய். அதற்குள் என் கடிகாரத்தை வேறு சுவருக்கு மாற்றினாய். ஸ்பூன்களை உயர வாரியாக அடுக்கினாய். உன் குறட்டைக்கு மாடி வீட்டுக்காரர் ‘கீழே ஏதாவது மில் வெச்சிருக்கீங்களா?’ என்று விசாரித்தார். எவனோ ஒரு மாப்பிள்ளை வந்து தங்கினாலும் தாங்கிக்கொள்வேன், அதை மட்டும் இன்னொரு தடவை தாங்க முடியாது.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். முழங்கால் இரண்டும் உன் பேச்சைக் கேட்கட்டும். பாப்பாவை மாதம் ஒரு தடவையாவது நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிப் போ.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்ட நாக்கை நீட்டியபோது வாசல் மணி அடித்தது. உன் அக்கா எனக்கு முன்னால் ஓடிக் கதவைத் திறந்தாள். ‘டேய் தம்பி, நீயா!’ என்று அலறினாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கும் ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது; எனக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், சொந்தத் தலையணையோடு நீ நின்றாய்.

‘பாப்பா சொன்னப்ப நம்பவே முடியல அத்தான். தனியா எத்தனை நாளைக்கு மாமா இருப்பீங்க, நம்ம வீட்டுல போய் அப்பா அம்மாவோட இருங்க, நான் பேசறேன்னு சொன்னா. நீங்க ஒத்துக்கவே மாட்டீங்கன்னு நெனைச்சேன். முழு மனசோட சம்மதிக்கிறேன்னு சொன்னீங்களாமே! இருந்த வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டேன்.’

உன் அக்கா பலே ஆள். மூச்சு விடுவதற்குள், ‘பின்னே? நானும் அத்தானும் அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். ரூமைப் பாரு, மெத்தையைப் பாரு. உனக்காக அவரே கதவுக்குப் பெயின்ட் அடிச்சாருடா’ என்றாள். நீ அந்தக் கதவிலேயே சாய்ந்து அழுதாய். காலையில்தான் இரண்டாவது பூச்சு அடித்திருந்தேன், பெயின்ட் இன்னும் காயவில்லை. நீலத் தோளோடு என்னைக் கட்டிக்கொண்டாய். இனி இந்த வீட்டில் நான் என்ன சொல்ல முடியும்?

ஆகவே மேலே எழுதிய எதையும் நீ படிக்கப் போவதில்லை. முடித்ததும் சுக்குநூறாகக் கிழித்துவிடுவேன். இல்லையென்றால் நாளை வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தேடி எடுத்துவிடுவாய். பாஸ்வேர்டை மட்டும் கேட்டேன். ‘ஆங்கில எழுத்துல, இடைவெளி விடாம அடிங்க அத்தான்’ என்று சொல்லிவிட்டு நீ ஸ்பூன் டப்பாவைத் திறக்கப் போய்விட்டாய். ‘அத்தான்கோபப்படக்கூடாது.’ அடித்தேன். கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நான்கு கோடும் வந்தது.

வந்த உடனே பாப்பா கூப்பிட்டாள். நீ வைஃபை பெட்டியை ஹாலுக்கு மாற்றிவிட்டதால் படம் கண்ணாடி மாதிரி தெளிவு, குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. மாமா வந்து சேர்ந்தாரா, ரொம்ப நன்றிப்பா என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

‘அப்பா, இன்னொரு விஷயம். இதையும் கோபப்படாமக் கேக்கணும். ஒருத்தரைப் பத்திச் சொல்லணும்.’

‘ஒரு நிமிஷம் இரும்மா’ என்றேன். போனை எடுத்துக்கொண்டு சமையலறைத் தாழ்வாரத்துக்குப் போனேன். மெஷினுக்குள் துணி எதுவும் இல்லை. இருந்தாலும் பிழியப் போட்டுவிட்டு, அதன்மேல் கையை நன்றாக ஊன்றிக்கொண்டு, ‘இப்ப சொல்லும்மா’ என்றேன்.