ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் காட்டின் தென்மேற்கு மூலையில், ஒரு குளம் இருந்தது. அதில் ஏகாம்பரம் என்ற ஆமை வசித்தது. மூச்சுவிடத் தலையைத் தூக்கினால் பிளாஸ்டிக் பாட்டில் இடிக்கும். ஒரு நாளைக்குப் பதினான்கு இடி. யாரிடமும் சொல்லக் கூச்சம்.

அந்தச் சமயம் சிங்கராஜா மறுசுழற்சித் திட்டம் கொண்டுவந்தார். ஆயிரம் பாட்டில் சேர்த்தால் லாரி வந்து அள்ளிப் போகும். அவற்றை உருக்கிச் செய்த பெஞ்சு ஒன்று திரும்பி வரும். ஏகாம்பரத்துக்குப் பெஞ்சு எதற்கு? ஆமைக்கு உட்காரத் தெரியாது. குளம் சுத்தமானால் போதும்.

நாற்பத்தொரு நாள் பாடுபட்டு எல்லாவற்றையும் கரையேற்றியது. மூன்று முறை எண்ணியது. மூன்று முறையும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

திட்ட அலுவலகத்தில் அது நீட்டிய படிவத்தைப் பார்த்துக் கிளார்க் நரி சிரித்தது. "ஆயிரம்னு போட்டுத் தொலைங்களேன், ஐயா. யார் எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணிட்டேனே," என்றது ஆமை, ஓட்டுக்குள் தலையை இழுத்தபடி.

"அப்ப இன்னொன்னு கொண்டாங்க. இல்லேன்னா லாரி கிடையாது."

மேற்கே இடி உறுமியது. மழை முந்திக்கொண்டால் கரையில் கிடப்பது அத்தனையும் மறுபடி குளத்துக்குள். ஆமை கரடி அண்ணாச்சி கடைக்கு ஓடியது. அதாவது, அதன் கணக்கில் ஓடியது.

"ஒரு காலி பாட்டில் இருக்குமா, அண்ணாச்சி?"

"நம்ம கடையில எதுவும் காலி கிடையாது. தண்ணி பாட்டில்தான் இருக்கு. அதுவும் பன்னிரண்டு சேர்ந்த கட்டு."

ஆமை ஒரு கட்டு வாங்கியது. பன்னிரண்டு பாட்டில் தண்ணீரையும் குளத்தில் ஊற்றியது. குளத்துக்கே தண்ணீர் வாங்கி ஊற்றியவன் தான் ஒருவன்தான் என்று தோன்றியபோது அதற்கே சிரிப்பு வந்தது. பிறகு படிவத்தில் 'ஆயிரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

லாரியோடு வந்த யானை ஆயிரத்தையும் ஏற்றியது. "மிச்சம் பதினொன்னு கிடக்கே பெரியவரே, அதையும் போட்டுடவா?"

"ஐயோ வேண்டாம். ஆயிரம்னு எழுதியிருக்கேன்."

லாரி போனது. மழை வந்தது. பதினொன்றும் மிதந்து குளம் சேர்ந்தன.

பத்தாம் நாள் பெஞ்சு வந்தது. நரி அதில் சாய்ந்து உட்கார்ந்தது. "குளத்துல இன்னும் மிதக்குதேன்னு வருத்தப்படாதீங்க, ஐயா. இன்னொரு ஆயிரம் சேர்ந்தா லாரி திரும்ப வரும்."

குறைவது தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. அப்படியானால் எண்பத்து மூன்று கட்டு. ஏழு மிஞ்சும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அண்ணாச்சி கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டது ஆமை.

நீதி: குப்பையை ஒழிக்கப் புறப்படுகிறவர் கையில் போதிய குப்பை இருக்க வேண்டும். குறைந்தால் வாங்கிக்கொள்ளலாம், எண்ணிக்கை மட்டும் பிசகக் கூடாது.