அட்லஸில் ஒரு மணித்தியாலம்

வாத்தியார்மாருக்கு ஒரு நோய் உண்டு. கேள்வி காதில் விழுந்துவிட்டால், தெரியாது என்று சொல்ல வாய் வராது. எனக்கு அது முற்றிய நோய். (புவியியல் வாத்தியார் வேறு.)

போர் முடிந்த ஆண்டு. மகளைக் கல்முனையில் மைத்துனி வீட்டில் விட்டுவிட்டு, விடைத்தாள் திருத்த யாழ்ப்பாணம் போயிருந்தேன். சுனாமி அவளுடைய உம்மாவையும் எங்கள் வீட்டையும் ஒன்றாகவே கொண்டுபோயிருந்தது. அவளுக்கு மிச்சம் நான் ஒருவன்தான். அந்த நேரம் பார்த்து, பேசி வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கத்தார் விசா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ், சனி விடியக் கொழும்பிலிருந்து அவருக்குப் பயணம்.

"வாப்பா, வந்து சேந்துருவீங்களா? வியாழன் பின்னேரம் வரைக்கும் பேப்பர் இரிக்கி எண்டீங்களே" என்று தொலைபேசியில் கேட்டாள் மகள்.

திருத்தும் மண்டபத்தில் ஒரு பாடசாலை அட்லஸ் கிடந்தது. அடிமட்டத்தை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து, கல்முனைக்குக் கிட்டவுள்ள அம்பாறை விமானத் தளத்துக்கு வைத்தேன். (சுனாமிக்குப் பிறகு நிவாரணச் சாமான்களோடு அங்கே விமானம் இறங்கியதை இந்தக் கண்ணால் கண்டவன் நான்.) முந்நூற்றிருபது கிலோமீற்றர். விமானத்தின் வேகத்தால் வகுத்தேன்.

"ஒரு மணித்தியாலம் மகள். வெள்ளி காலமை ஏறினா பகல் சோத்துக்கு உங்களோட இருப்பன்."

"மெய்தானா?"

"கணக்கு மகள், கணக்கு."

வியாழக்கிழமை பின்னேரம் டிக்கட் எடுக்கப் போனேன். அம்பாறை என்றதும் கருமபீடத்தில் இருந்த தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, அங்கை ஒரு பிளேனும் போறேல்லை. இரத்மலானைக்குத்தான் இருக்கு."

"நான் அளந்து பாத்தனே தம்பி!"

"அளக்கலாம் ஐயா. ஏறேலாது."

மகளுக்கு அன்று இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. தரைவழியும் சரியாகத் திறக்காத காலம். வெள்ளிக்கிழமை கிடைத்த விமானத்தில் ஏறினேன். வடக்கிலிருந்து கிழக்குக் கரைக்கு வர வேண்டியவன், மேற்குக் கரையில், கொழும்புக்குப் பக்கத்தில் போய் இறங்கினேன். அப்போதே பகல் ஜும்ஆ தொழுகை முடிந்திருந்தது. இனி பஸ், வழியில் எத்தனை சோதனைச் சாவடிகளோ. மைத்துனி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். நிக்காஹ்வை நடத்திவைக்க வந்திருந்த பள்ளிவாசல் லெவ்வை பேசினார். என்னிடம் படித்தவர்.

"சேர், இப்ப எங்க?"

"இரத்மலானையில. இங்கேருந்து அம்பாறைக்குப் பிளேன் எண்டா முக்கால் மணித்தியாலம்தான்..."

"பிளேன் இரிக்கா?"

"இல்ல."

"அப்ப நேரத்த விடுங்க சேர். தூரத்தச் சொல்லுங்க."

மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணை ஒப்புக்கொடுக்க வேண்டிய தகப்பன் பிரயாணத் தொலைவில் இருந்தால், அவருக்குப் பதிலாக மார்க்க நீதிபதியான காதியார் நின்று முடித்துவைக்கலாம் என்பது எங்கள் மார்க்கச் சட்டம். அதில் மணித்தியாலத்துக்கு இடமில்லை, தூரம்தான் பேச்சு.

ரோட்டு வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் என்றேன். அந்தப் பயணத்தில் நான் பிழையில்லாமல் சொன்ன கணக்கு அது ஒன்றுதான். அதைச் சொல்லி, என்னை நானே பந்தலுக்கு வெளியே தள்ளிக்கொண்டேன்.

பிறகு மகள் தொலைபேசியை வாங்கி, "அழாதீங்க வாப்பா" என்றாள். நான் அழவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். என் பஸ்ஸும் மருமகனின் வேனும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும். எனக்கென்று மூடிவைத்திருந்த புரியாணியை மகள் சூடாக்கித் தந்தாள். அவள் கையில் மருதோன்றி சிவந்திருந்தது.

இன்றைக்கும் குடும்பத்தில் எந்த நிக்காஹ் என்றாலும், தொடங்குமுன் யாராவது குரல் கொடுப்பார்கள்: "சேர் வந்துட்டாரா, இன்னும் அளந்துக்கிட்டுத்தான் இரிக்காரா?" பந்தல் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கும்போது பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கி ஒரு முகம் எட்டிப் பார்க்கும். நான் முன்வரிசையில் இருக்கிறேனா என்று பார்ப்பது என் மகள்தான்.