கட்டில்காரர் சைக்கிளுக்குப் புது பிரேக்

ஏற்காடு மலையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே பிழைப்பு நடத்திய ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டுக் கட்டில்காரர்தான்.

எஸ்டேட்களில் காபிப் பழம் உரிக்கிற மெஷினைப் பழுது பார்ப்பவர். முதுகில் அடிபட்ட பிறகு சைக்கிள் சீட்டில் உட்கார முடியவில்லை. சும்மா இருக்கிற ஆளா? இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து ஒட்டி, நடுவே நாடாக் கட்டில் போல ஒரு சாய்வு பின்னி, மல்லாந்து படுத்தபடி மிதிக்கிற வண்டி ஒன்றைச் செய்துவிட்டார். நான் காலையில் விளக்கேற்றித் திருநீறு பூசி வாசலுக்கு வந்தால், முதல் தரிசனம் அவருடைய இரண்டு உள்ளங்கால்கள்தான். முருகா என்று கண்ணை மூடிக்கொள்வேன்.

அவர் சம்சாரம் மரகதக்காவுக்கு அந்தக் காட்சி ஆகவே ஆகாது. கால் முன்னே, தலை பின்னே, மல்லாந்து தெருவில் போகிறவர்கள் திரும்பி வருவதில்லையே!

"ஏனுங்க, பின்னாடியிருந்து பார்த்தா உசுரோட போறீங்களான்னே தெரியலீங்க. அந்த வளைவுல ஒரு கையத் தூக்கிக் காட்டுங்க, போதும்."

"வளைவுலயா? அங்கதான் எனக்கு மூணாவது கை வேணும்!"

பொய்யில்லை. வீட்டிலிருந்து வளைவு வரை இறக்கம். திரும்பியதும் செங்குத்தான ஏற்றம். ஒரு கை பிரேக்கில், இன்னொரு கை சீட்டுக்கு அடியிலிருந்த கியரில். எதை விட்டாலும் காபித் தோட்டம்தான். அதனால் அக்காவே தினமும் வளைவு வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு மழைநாளில் பாசி வழுக்கி விழுந்து, கால் வீங்கிவிட்டது.

மறுநாள் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார் மனிதர். கரடியூர் எஸ்டேட் வேலையும் போயிற்று. முதல் தடவையாக நிஜக் கட்டிலில் படுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகன் அனுப்பியதுபோல, கப்பலில் வேலை பார்த்த மச்சினர் லீவில் வந்தபோது சைக்கிளில் மாட்டுகிற ஒரு ஜோடி கைப்பிடி கொண்டுவந்தார். பிரேக்கும் கியரும் ஒன்றிலேயே! இழுத்தால் பிரேக், அப்படியே உள்பக்கம் தள்ளினால் கியர். ஆனால் இந்த வண்டியின் நீளத்துக்கு அதோடு வந்த வயர் எட்டவில்லை. சேலத்தில் மொபெட் வயர் வாங்கி மாட்டினார் கட்டில்காரர். மாட்டிப் பார்த்தால், பிரேக் பிடித்தபோது கியர் மாறியது. கியரை மாற்றினால் சைக்கிள் நின்றது.

"உங்க புத்தி மாதிரியே இருக்குதுங்க," என்றார் அக்கா.

"சும்மாரு புள்ள. கைய மிச்சம் பண்றேன்."

"எதுக்குங்க?"

மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, வயரை மாற்றி மாட்டினார்.

கிருத்திகையன்று வண்டிக்குச் சூடம் காட்டினேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவு வந்தது. வலது கை மேலே போயிற்று!

"தூக்கிட்டாருங்க! அய்யோ, தூக்கிட்டாருங்க!"

அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சந்தோஷம் தாங்காமல் இடது கையையும் தூக்கினார்.

வண்டி நேரே காபிச் செடிக்குள் போய் மறைந்தது.

எனக்கு முருகன் பெயர்கூட வாயில் வரவில்லை. இலைகள் ஆடி ஓய்ந்தன. பிறகு செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை, மெல்ல மெல்ல, மேலே வந்தது.

"கையக் கீழ போடுங்க சாமி! பாத்துட்டனுங்க!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்திக்கொண்டே, அந்த நொண்டிக் காலோடு அக்கா ஓடினார்.

அவர் போய்ப் பிடிக்கும்வரை அந்தக் கை இறங்கவேயில்லை.