தாய்மாமன் மடியில் ஒரு பூஜ்யம்

சந்தோஷத்தை அடக்கத் தெரியாதவன் தாய்மாமன் ஆகக் கூடாது. ஆகித் தொலைத்தாலும், காதுகுத்தன்று செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அப்போது நான் வெண்குறுமீன் ஆராய்ச்சியில் இருந்தேன். எரிந்து முடிந்து, மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் நட்சத்திரங்கள் அவை. ரொம்பவே ஆறிப்போனவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அடையாளத்துக்கு ஒரு கோடுகூட இருக்காது, மொட்டை வெளிச்சம். அதில் காந்தப்புலம் உண்டா என்று அறிய, வலப்பக்கம் சுழன்று வரும் ஒளியும் இடப்பக்கம் சுழன்று வரும் ஒளியும் சமமா என்று அளப்போம். எங்கள் நட்சத்திரத்தில் ஒரு பக்கம் தூக்கலாக இருந்தது. காந்தம்! ஆனால் கோளாறு எங்கள் கருவியிலேயே இருந்தால்? அதனால் காந்தமே இல்லாத இன்னொரு நட்சத்திரத்தையும் அதே கருவியால் அளந்தோம். அதற்குப் பூஜ்யம் வந்தால் எங்கள் கண்டுபிடிப்பு நிஜம். வராவிட்டால் என் முனைவர் பட்டம் அம்போ.

சக ஆய்வாளர் ரோஸ்லின் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த அன்றுதான், வருசநாட்டில் எங்கள் குலதெய்வக் கோயிலில் அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து. அங்கே சிக்னல் கோயில் மணிக்குக் கீழே மட்டும்தான் கிடைக்கும். "மணிக்குக் கீழ உக்காந்து குத்துறதுதான் விசேசம்" என்று கூசாமல் அடித்துவிட்டேன். (படித்தவன் சொன்னால் நம்பிவிடுகிறார்கள், பாவம்.)

யாழினி என் மடியில். சீர்த் தாம்பாளத்தில், தேங்காய்க்குப் பக்கத்தில், திரை தெரியும்படி என் செல்போன்.

"தம்பி, புள்ளைய அசையவிடாமப் பிடிங்க" என்று ஆசாரி ஊசியை எடுத்தார். அவள் தலையை ஒரு கையால் அணைத்துக்கொண்டேன்.

போன் ஒளிர்ந்தது. ரோஸ்லின் அனுப்பியது ஒரே சொல்: "ஜீரோ!"

"ஜீரோ! ஜீரோ!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டேன். மடியில் குழந்தை இருந்தது எழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, கை அவளை விடவில்லை. அவள் காதுக்குப் போகவேண்டிய ஊசி என் கட்டைவிரலில் இறங்கியது. வலிக்கவே இல்லை! உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு காந்தம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்துவிட்டதே! குழந்தையோடு குதித்தேன். யாழினி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஏலே, ரத்தம் ஒழுகுது, எதுக்குடா பல்லக் காட்டுற?" என்றாள் அக்கா.

"பூஜ்யம் வந்திருச்சுக்கா!"

அக்கா வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "இத்தன வருசம் படிச்சுப் பூஜ்யந்தான் வாங்குனியா மாப்ள?"

"நம்ம நட்சத்திரத்துக்கு இல்ல மச்சான். இன்னொரு நட்சத்திரத்துக்குத்தான் பூஜ்யம்!"

"அடுத்தவன் பூஜ்யம் வாங்குனதுக்கா இந்த ஆட்டம்?" என்றார் பெரியப்பா.

"நீ அங்கன போயி நில்லு" என்று அக்கா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். நல்ல நேரம் முடிவதற்குள் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். சொந்தத் தாய்மாமன் நான், விரலில் மஞ்சளைப் பூசிக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தேன். விரல் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

பட்டம் கிடைத்தது. மானம்தான் திரும்பவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டாலும், "மாமாவுக்கு போனப் போடு, அந்த மனுசனாச்சும் சந்தோசப்படட்டும்" என்பார்கள்.

யாழினி இப்போது ஆறாம் வகுப்பு. போன மாதம் தன் கணக்குத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். மூலையில் சிவப்பு மையில் பெரிய வட்டம். கீழே எழுதியிருந்தாள்: "மாமா, ஜீரோ வந்திருச்சு! நீங்க குதிச்சு முடிச்சிட்டு அம்மாகிட்ட சொல்லிருங்க."