விரிசலே விழாத வீடு

மனிதகுலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று யாராவது கேட்டால், கட்டாத வீட்டை வாங்குகிறவனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்புதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கட்டிய வீட்டுக்குப் பாதுகாப்பு வெறும் கூரைதான். என் வீட்டுக்கு நாற்பத்திரண்டு பிரிவுகள்.

அதில் இரண்டு என் மனைவிக்கே மனப்பாடம். சொன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்காவிட்டால் பில்டருக்கு அபராதம். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் விரிசல் விழுந்தால் அவரே இலவசமாகப் பூசித் தர வேண்டும்.

எங்கள் பில்டர் சட்டத்துக்குப் பயந்தவர். சொன்ன தேதியில், சொன்ன இடத்தில், பந்தல் போட்டு, வீடு வாங்கிய அறுபது பேருக்கும் 'சாவி வழங்கும் விழா' நடத்தினார். பந்தலுக்குப் பின்னால் அஸ்திவாரக் குழி மட்டும் இருந்தது.

"எங்க வீடு எதுங்க?" என்றாள் மனைவி.

"நாலாவது மாடிம்மா," என்று வானத்தைக் காட்டினார் பில்டர். "இதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடலைன்னா எனக்கு அபராதம் விழும். அபராதம் கட்டினா வேலை நின்னுடும். வேலை நின்னா நஷ்டம் யாருக்கு?"

எங்களுக்குத்தான். எவ்வளவு அக்கறை! 'வீட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. மனைவி முழங்கையால் இடித்தாள். அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டேன்.

ஆறு ஆண்டுகள் ஓடின. குழியில் தண்ணீர் நின்று, எங்களுக்கு முன்பே தவளைகள் குடியேறின. போன வாரம் வாடகை வீட்டுக்காரர், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகளுக்கு ஆண்டுத் தேர்வு நேரம். மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவது என்று எனக்கே தெரியவில்லை. சட்டம் இருக்கப் பயமேன் என்று இருவரும் 'வீடு வாங்குவோர் பாதுகாப்பு அலுவலகம்' போனோம்.

அதிகாரி எங்கள் கோப்பைத் தூசி தட்டி, ஒரு வரி விடாமல் படித்தார். முகம் மலர்ந்தது.

"அருமையான வீடு சார். அஞ்சு வருஷத்துல ஒரு விரிசல் இல்ல, ஒரு கசிவு இல்ல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கட்டடத்தைப் பார்த்ததில்ல."

"வீடே இல்லைங்க," என்றேன்.

"நல்ல நிலையில வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே. அப்புறம் காணாமப் போச்சுன்னா, அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் போகணும்."

"விரிசல்னே எழுதித் தரட்டுமா?"

"கெடு முடிஞ்சுபோச்சே சார். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா, பூசிக் குடுன்னு உத்தரவே போட்டிருப்பேன்."

என்ன நேர்மை! பிரிவைத் தாண்டி ஒரு சொல் பேசவில்லை மனிதர். நெஞ்சு நிறைந்து, நன்றி சொல்லி எழுந்தேன். மனைவி எழவில்லை.

"உங்களுக்குச் சட்டமெல்லாம் அத்துப்படி. நீங்க வீடு வாங்கியாச்சா சார்?"

"போன வருஷம் வாங்கினேம்மா," என்றார் பெருமையாக. "கட்டி முடிச்ச வீடு. ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்த பிறகுதான் பணமே குடுத்தேன்."